சந்துக்கு வந்த தேய்மானம்

பூங்கோதையின் வண்டி தேயவில்லை. தேய்ந்தது நாங்கள். விஷயம் இவ்வளவுதான். மிச்சத்தைக் கேட்க உட்காருகிறவர்கள் உட்காரலாம். நடுவில் எப்படி, ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது, எங்கள் சந்தில் யாரிடமும் கிடையாது.

கோயமுத்தூரில் கணபதிக்குப் பின்னால், வார்ப்படக் கம்பெனிகளின் கரி வந்து துவைத்த துணியில் படிகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் சந்து. பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர்கள், லேத்தில் நிற்கிறவர்கள், உலைக்குப் போகிறவர்கள். பூங்கோதை காயில் சுற்றுகிறவள். நாற்பது தாண்டியவள். அவள் புருஷன் நாச்சிமுத்து குட்டியானை ஓட்டினான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது பம்ப்செட் ஏற்றுகிற சின்ன லாரி.

அவள் வைத்திருந்த மோட்டார் சைக்கிள் அறுநூற்றைம்பது சிசி, இரண்டு சிலிண்டர், யாரோ ஒரு பையன் கீழே போட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டதால் அவளிடம் வந்தது. ரோட்டுக்கு ஆகாது. ஹெட்லைட் இல்லை, கண்ணாடி இல்லை, ஹாரன் இல்லை, நம்பர் பிளேட் இல்லை, பின்னால் ஓர் ஆள் உட்கார இடம் இல்லை. ஊருக்கு வெளியே இருக்கிற டிராக்கில் ஓட்டுவதற்கு மட்டும். சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்க ஒரு வண்டியா என்று நானே அவளிடம் கேட்டேன். "நீங்க கோயிலைச் சுத்தறீங்க, எங்க போய்ச் சேர்ந்தீங்கன்னு நான் கேட்டனுங்களா?" என்றாள். 

மாதத்தில் ஒரு ஞாயிறு டிராக். மற்ற ஞாயிறெல்லாம் அதற்கு ஊழியம். பின்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, செயினை மண்ணெண்ணெய் விட்டுப் பல் பல்லாகத் துலக்கி, பிரேக் ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றி அதிலிருக்கும் காற்றுக் குமிழ் கடைசி ஒன்று வெளியேறும் வரை லீவரை அமுக்கி அமுக்கிப் பொறுமையாக உட்கார்ந்திருந்து, விழுந்தால் டிராக்கில் வழுக்கக்கூடாது என்பதற்காக ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் நிரப்பி, ஆயில் போல்ட் கழன்று விழாமல் மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டி, எல்லாம் முடிந்தபிறகு பின் டயரை உள்ளங்கையால் ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவிப் பார்ப்பாள், தடவும்போதே முந்தின தடவை எந்த வளைவில் சீக்கிரம் முறுக்கினாள், எந்த இடத்தில் பயந்தாள், பின்சக்கரத்து ஸ்பிரிங் இளகலா கெட்டியா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவாள், நாச்சிமுத்து வாசலில் உட்கார்ந்து பிள்ளையின் ரேங்க் கார்டைக் கேட்கிற தகப்பன் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பான். அந்த டயர்கள் இரண்டு மூன்று தடவைக்கு மேல் தாங்காது. பிரேக் பேடு அதற்குச் சற்று மேலே. எல்லாமே தேய்ந்து தீர்வதற்கென்றே செய்யப்பட்ட சாமான்கள்.

ஒரு ஆயுத பூஜைக்கு, தன் பாட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தவளைச் சுற்றிச் சந்தே கூடிவிட்டது. எங்களில் யாரும் எதிலும் முதலாவதாக வந்தது கிடையாது, அவள் மட்டும்தான் எங்கேயோ வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள் என்பதால் எங்களுக்கெல்லாம் அந்த வண்டிமேல் ஒரு பிரியம். பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றிச் சுற்றினார்கள். சுற்றும்போது பெற்ற பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, உனக்கு வருகிறதெல்லாம் எங்களுக்கு வந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு குரல் சொல்ல, நாங்கள் அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றோம். பூசணி உடைந்தது, பொரிகடலை கொடுத்தார்கள், வீட்டுக்குப் போனோம். வேறு காரணம் இருந்தால் எனக்குத் தெரியாது.

அடுத்த டிராக் ஞாயிறு கழிந்த மறுநாள், சந்தில் பாதிப் பேர் செருப்புக் கடையில் நின்றோம். அடி ஓட்டையாகியிருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, செருப்பு என்றால் தேயும். அதற்கடுத்த முறை வாசற்படிகள் நடுவில் குழிந்தன, ஆட்டுக்கல் பொளிந்த கொத்தெல்லாம் போய் வழுவழுவென்றாயிற்று, வேலுச்சாமி வீட்டுச் சாவி பூட்டுக்குள் சும்மா சுற்றியது. அதற்கும் அடுத்த முறை ரேஷன் கடையில் எங்கள் பெருவிரல்களை மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைக்காரப் பெண் சலித்துக்கொண்டு, விரலைத் துடைத்துவிட்டு வையுங்கள் என்றாள். துடைத்து வைத்தோம். வேட்டியில் துடைத்தோம், தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைத்தோம். அப்புறம் அவள் ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பார்த்தாள். ரேகை என்று ஒன்று இல்லை. அத்தனை விரலும் கூழாங்கல். பூங்கோதையின் பின் டயரில் மட்டும் கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மெல்லிய ரப்பர் முடிகள்கூட உதிராமல் இருந்தன.

இதைக் கண்டுபிடித்தது யார் என்பதில் இன்றைக்கும் சண்டை இருக்கிறது. சண்டை முடிகிற வரை காத்திருக்க முடியாது என்பதால் ஒப்புக்கொண்டோம். அவள் வண்டி ஓட்டுகிறாள், தேய்மானம் இங்கே விழுகிறது. தேய்மானம் மட்டுமல்ல, அலுப்பும். முன்பெல்லாம் டிராக்கிலிருந்து திரும்பினால் குட்டியானையின் கதவைத் திறந்து அவளைக் கைபிடித்து இறக்க வேண்டியிருக்கும். இப்போது பூத்த பூ மாதிரி குதித்து இறங்கினாள், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரவர் வீட்டில் தொடை நடுங்க, மணிக்கட்டு வீங்க, காதுக்குள் காற்று இரைய, இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் எங்கேயோ போய்விட்டு வந்தவர்கள் மாதிரி பாயில் விழுந்து கிடந்தோம். சந்தை விட்டு ஒருத்தரும் நகர்ந்திருக்கவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கூடிப் பேசினோம். பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டு, வண்டியை விற்றுவிடுகிறேன் என்றாள். யாரும் சரி என்று சொல்லவில்லை. தண்ணீருக்கு முறை வைக்கவில்லையா, தெருக் கூட்ட முறை வைக்கவில்லையா, இதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. டிராக் ஞாயிறுகளில் முறை வந்த வீட்டுக்காரர்கள் தேய்வதற்கு ஏதாவது வாசலில் எடுத்து வைக்க வேண்டும். வைத்தார்கள். உடைந்த அம்மி, உபயோகமில்லாத அரம், பழைய பித்தளைத் தவலை. கொடுத்ததை அது எடுத்துக்கொண்டது. போதாவிட்டால் கூடக் கொஞ்சம் எடுத்துக்கொண்டது, அது பல்லாக இருக்கும், முழங்காலாக இருக்கும். ரேஷன் கடையில் கைரேகையை விட்டுவிட்டுப் போனுக்கு எண் வருகிற மாதிரி செய்துகொடுத்தார்கள். கம்பெனியில் விரல் வைப்பதற்குப் பதில் பழையபடி கையெழுத்து. மனிதன் எதற்கும் பழகுவான், அதுவும் முறை வைத்துவிட்டால் சீக்கிரம் பழகுவான்.

பழகியதும் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. வேலுச்சாமியின் முன்கையில் ஒரு பெயர் பச்சை குத்தியிருந்தது, அது அவன் பெண்டாட்டியின் பெயரில்லை. முறை வந்த அன்று வாசலில் சாமான் எதுவும் வைக்காமல் அந்தக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சாயங்காலம் கை வெறும் கையாக இருந்தது. அதற்குப்பிறகு மருவை வைத்தார்கள், கால் ஆணியை வைத்தார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தவருக்குச் சிறுநீரகக் கல் கடுகாகி வெளியே போனது. அன்னூரிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் ஆட்கள் வந்து, உங்கள் சந்தில் அடுத்த டிராக் எப்போது என்று விசாரித்தார்கள். டீக்கடைக்காரர் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார்.

தெய்வானை வைத்தது சட்டை.

தெய்வானை எங்கள் சந்தில் ஜாக்கெட் தைக்கிறவள். அவள் புருஷன் ஆறுச்சாமி வேலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். கடைசி நிறுத்தம் வரை போய்த்தான் கண்டக்டருக்கே தெரிந்தது. அதன்பிறகு தெய்வானை தைக்கவில்லை, தின்னவில்லை, தலைக்குக் குளிக்கவில்லை, யாராவது தெருவில் டிக்கெட் என்று சொன்னால்கூட உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவளுக்கு முறை வந்தபோது ஆறுச்சாமியின் கட்டம் போட்ட சட்டையை வாசலில் மடித்து வைத்தாள். சாயங்காலம் அது வெங்காயத்தோல் மாதிரி ஆகியிருந்தது. அன்று அவள் சாப்பிட்டாள். அடுத்து அவனுடைய கண்ணாடி, டிபன் கேரியர், செருப்பு, சவரக்கத்தி. ஒவ்வொன்றாகத் தேயத் தேய அவள் மெஷினில் உட்கார்ந்தாள், டிவி பார்த்துச் சிரித்தாள், ஆறுச்சாமியைப் பற்றிப் பேச்சு வந்தால், ஆமாம், இருந்தார் என்றாள், முன்பு வாடகைக்குக் குடியிருந்த யாரையோ சொல்கிற மாதிரி. எங்களுக்குச் சந்தோஷம்தான். நாங்கள் அதற்குமேல் யோசிக்கவில்லை.

அப்புறம் பூங்கோதை ஒரு தடவை விழுந்தாள். டிராக்கின் கடைசி வளைவில் முன்சக்கரம் நழுவி, வண்டியும் அவளுமாகத் தரையோடு வழுக்கிக்கொண்டு போய்ச் சரளையில் நின்றார்கள். வண்டியில் ஒரு கீறல் இல்லை. அவள் தோல் உடுப்பில் தூசிகூட இல்லை. சந்தில், பூக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் இடது முழங்கை, இடது இடுப்பு, இடது முட்டி உரிந்துவிட்டது. வலது பக்கம் ஒருத்தருக்கும் இல்லை. அவள் திரும்பி வந்தபோது எல்லோரும் இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரவர் வாசலில் உட்கார்ந்திருந்தோம். பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்து துடைத்துவிட்டாள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவள் நிறுத்திவிட்டாள். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினாள். எங்களுக்கு வசதியாகத்தான் இருந்திருக்க வேண்டும், இல்லை. அவிநாசிக்காரர்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து போனார்கள். தெய்வானைக்குச் சீப்பில் ஆறுச்சாமியின் முடி ஒன்று கிடைத்து அதை வைத்துக்கொண்டு பகலெல்லாம் அழுதாள். ஆளாளுக்குப் போய் பூங்கோதையிடம் ஜாடைமாடையாகச் சொன்னோம். கடைசியில் தெய்வானையே போய், அம்மிணி, எனக்காக ஒருக்காப் போய்ட்டு வா என்றாள்.

போனாள். அதிலிருந்து கம்பெனிக்குப் போகிற மாதிரிதான் டிராக்குக்கும் போனாள். விழக்கூடாது, விழுந்தால் சந்து உரியும். வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக் பிடித்தாள். டயரைத் தடவினாள், அதில் படிக்க ஒன்றும் இல்லை, புதுசு மாதிரியே இருக்கிற ரப்பர் என்ன சொல்லும். ஏதாவது சொல்லு என்று அவள் அதனிடம் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். அலுப்பு இல்லாதவள் முகத்தில் அப்படி ஒரு களைப்பை நான் பார்த்ததில்லை.

இதற்கிடையில் நாச்சிமுத்துவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவருடைய இதய வால்வு தொண்ணூறு வயசு ஆளுடையது மாதிரித் தேய்ந்திருக்கிறது, என்ன வேலை செய்கிறார் என்றார். லாரி ஓட்டுகிறார் என்றேன். வெட்டித் திறந்து மாற்றினால் இவர் உடம்பு தாங்காது, தை மாதம் வரைக்கும் வந்தால் பெரிது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதை மறைக்க எனக்குத் தெரியாது, நேராகப் போய் நாச்சிமுத்துவிடம் சொன்னேன். அவன் அந்த வண்டிக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தவன். ஒவ்வொரு தடவையும் டிராக்கின் சுவரோரம் அவள் சுற்றுக்கு நேரம் பார்க்கக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன். எஞ்சினுக்கு வர வேண்டியது அவனுக்குப் போயிருக்கிறது.

"அவகிட்டச் சொல்ற வேலை வேண்டாமுங்க" என்றான். "சொன்னா நிறுத்திப் போடுவா. அப்புறம் நான் யாரைப் பாக்கறதுக்குச் சுவத்தோரம் நிக்கறது?"

சந்து முழுக்கத் தெரிந்தது. யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவன் கேட்டுக்கொண்டதற்காகச் சிலர், அடுத்த முறை தங்களுக்கு என்பதற்காகச் சிலர்.

ஒரு ஞாயிறு மத்தியானம், டிராக் இல்லாத ஞாயிறு, அவன் கட்டிலில் படுத்திருந்தான். ஜன்னலில் இருந்த எதையோ எடுக்க அவன்மேல் சாய்ந்தவள் அப்படியே நின்றாள். எஞ்சினில் வால்வு தேய்ந்தால் மேலே ஒரு டிக்டிக் சத்தம் வரும், டேப்பட் அடிக்கிறது என்பார்கள். தன் வண்டியில் அது வந்துவிடக்கூடாது என்று காது வைத்துக் காது வைத்துப் பழகியவள், அவன் நெஞ்சில் காதை வைத்தாள். அங்கேயும் அதே டிக்டிக்.

"எப்ப இருந்துங்க மாமா?" என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தான்.

அவள் வெளியே வந்து சந்தில் நின்றாள். எங்களைப் பார்த்தாள். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்ததிலேயே எல்லாம் தெரிந்துபோயிற்று அவளுக்கு. வண்டியை விற்கிறேன், உடைக்கிறேன் என்றெல்லாம் இந்த முறை பேசவில்லை. நிறுத்தினால் தேய்வது நிற்கும், தேய்ந்தது திரும்பாது, அது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். ஆனால் எங்கள்மேல் விழுந்த தேய்மானமெல்லாம் அவளுடையது. அவளுக்கு அது திரும்ப வேண்டும். எல்லோருமாகச் சேர்ந்து வாங்கிக்கொண்டதை எல்லோருமாகத்தான் கொடுக்க முடியும், ஒரு வீடு மாட்டேன் என்றாலும் நடக்காது என்றாள். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எங்களுக்கு இல்லை.

வீடு வீடாக வந்தாள். தட்டு இல்லை, பூ இல்லை, வெறுங்கை. என்னுடையதைக் கொடுங்கள் என்றாள். எடுத்துக்கொள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லிப் பார்த்தால் தெரியும் அது எவ்வளவு கஷ்டம் என்று. கால் ஆணி போனவர்கள் யோசித்து யோசித்துச் சொன்னார்கள். வேலுச்சாமி தன் வெறுங்கையை வெகுநேரம் பார்த்துவிட்டு, பெண்டாட்டி அடுப்படியில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னான். அடுப்படியிலிருந்து, "கேட்டுருச்சு, கேட்டுருச்சு, வரட்டும் அந்தப் பேரு, கத்தி இருக்குது" என்று பதில் வந்தது. நானும் சொன்னேன். என் முழங்கால் எனக்குத் திரும்பி வந்தால் எனக்கு லாபம்தான், பெருமைக்கு ஒன்றுமில்லை.

தெய்வானை மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. வாசலில் நாங்கள் நாலைந்து பேர் நின்றோம்.

"என்னால ஆகாது அம்மிணி."

"அக்கா."

"உன்ற புருசன் பொழைக்கோணும்னா என்ற புருசன் மறுக்காச் சாகோணும். அதானே கேக்கற?"

"ஆமாங்கக்கா" என்றாள் பூங்கோதை. "அதைத்தான் கேக்கறேன்."

தெய்வானை மெஷினை மிதித்தாள். ஊசியில் நூல் இல்லை, துணியில் ஓட்டை ஓட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. "நான் கெடந்த கெடை உனக்குத் தெரியும். நாத்தமெடுத்துக் கெடந்தேன். நீதான தூக்கி உக்கார வெச்சுத் தலைக்கு ஊத்துன."

"நான்தானுங்க. மறுக்காவும் ஊத்தறேன்."

தெய்வானை எழுந்து வந்து கதவைச் சாத்தினாள்.

அடுத்த டிராக் ஞாயிறு வரை அந்தக் கதவு சாத்தியேதான் இருந்தது. நாச்சிமுத்து சட்டைப் பொத்தான் போட்டாலே இளைத்தான், உதடு நீலம் பாய்ந்தது. எங்களில் சிலர் கதவுக்கு வெளியே நின்று தெய்வானையை வைதார்கள், சிலர் கெஞ்சினார்கள். பூங்கோதை இரண்டையும் செய்யவில்லை. அவள் வண்டிக்கு வேலை செய்தாள், செயினைத் துலக்கினாள், பிரேக் ஆயிலை மாற்றினாள், தேவைப்படாது என்று தெரிந்தும் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் செய்தாள்.

அந்த ஞாயிறு காலையில் வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினோம். ஓட்டுவதற்கு வேலுச்சாமி. நாச்சிமுத்து எங்கே விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று முன்கூட்டியே ஏறி உட்கார்ந்துகொண்டான். நான் பின்னால் வண்டியோடு. சந்தே நின்றது. கிளம்புகிற சமயத்தில் தெய்வானை வந்தாள். தலை வாரியிருந்தாள், பூ வைத்திருந்தாள், தூங்கியிருக்கவில்லை. பின்பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டி, பின் டயரின்மேல் கையை வைத்தாள்.

"அவரு கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பாருன்னு நேத்து நெனச்சுப் பாத்தேன்" என்றாள். "தெரியலை. மூஞ்சியும் தெரியலை. ஆருமே இல்லாம இருக்கறதுக்குச் செத்தவரோடவே இருந்துக்கறேன். எடுத்துக்கோ."

பூங்கோதை கையெடுத்துக் கும்பிட்டாள். வண்டி கிளம்பியது.

டிராக்கில் அன்று வெயில். மற்றவர்கள் எல்லாம் பளபளவென்று வண்டிகளை வைத்துக்கொண்டு டயருக்குச் சூடு ஏற்றும் மின்கம்பளியைச் சுற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் உடுப்பை மாட்டினாள், ஹெல்மெட்டை மாட்டினாள், யாரிடமும் எதுவும் சொல்லாமல் உள்ளே போனாள். நாச்சிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான், நான் அவனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் வளைவைத் தாண்டும்போதே பின் டயரிலிருந்து புகை வந்தது, இத்தனை காலமும் உதிராத ரப்பர் ஈசல் இறகு மாதிரி காற்றெல்லாம் பறந்தது, இரண்டாவது வளைவில் பிரேக் இரும்போடு இரும்பாக அலறியது, செயின் தொங்கிப் பல்லைத் தாண்டித் தாண்டிக் குதித்தது, எஞ்சினின் டிக்டிக் சத்தம் சுவரோரம் நின்ற எங்களுக்கே கேட்டது, எங்கள் செருப்பும் படியும் சாவியும் பல்லும் ரேகையும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளின் அலுப்பு மொத்தமும் அவள்மேல் வந்து இறங்குவதை அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நிற்கச் சொல்லிக் கொடி காட்டினார்கள். அவள் விழவில்லை. விழுந்தால் இந்த முறை அவள்தான் விழுவாள் என்று தெரிந்துதானோ என்னவோ, கடைசி வளைவில் முட்டி தரையில் உரச, எத்தனையோ மாதமாகச் சாய்க்காத சாய்வாக வண்டியைச் சாய்த்தாள். சாய்த்து நிமிர்த்தி, எஞ்சின் அடங்கி, மிச்சத்தைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

ஹெல்மெட்டைக் கழற்றினால் தலை பாதி நரைத்திருந்தது. கையுறையைக் கழற்றினால் விரல்கள் வழுவழுவென்றிருந்தன. முட்டி மடங்கவில்லை, நின்றபடியே குனிந்து, நூல் நூலாகப் பிய்ந்த டயரைத் தடவினாள். "ஸ்பிரிங் கெட்டியா இருந்துருக்குது" என்றாள். அப்புறம் நாச்சிமுத்துவின் நெஞ்சில் காதை வைத்தாள். அவன் உதடு நீலம் போய்க் கறுப்பாக இருந்தது, எப்போதும் போல பீடி பிடித்த கறுப்பு. அவள் காதை எடுக்கவே இல்லை, அவன்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நெளிந்தான். திரும்பும்போது வேலுச்சாமி வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவனே ஓட்டினான். வேலுச்சாமி முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை போட்டுக்கொண்டு என்னோடு பின்னால் உட்கார்ந்தான்.

சந்துக்குள் திரும்பும்போதே கேட்டது. தெய்வானை அழுதுகொண்டிருந்தாள், நேற்றுத்தான் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து கிடத்தியது மாதிரி, பெயர் சொல்லி, அவன் தின்றதைச் சொல்லி, திட்டியதைச் சொல்லி, சுவரோரம்தான் படுப்பார், சுவரோரம்தான் படுப்பார் என்று திரும்பத் திரும்பச் சொல்லி. யாரும் போய் நிறுத்தவில்லை. சமைத்தவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு அவரவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் பூங்கோதை வேலைக்குப் போகவில்லை. ஒவ்வொரு படியாகச் சுவரைப் பிடித்து இறங்கி, தெய்வானை வீட்டுப் பின்கட்டில் அடுப்பு மூட்டித் தண்ணீர் காய வைத்தாள். தெய்வானையைத் தூக்கிக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார வைக்க அவளால் முடியவில்லை, நாங்கள் தூக்கினோம், தூக்கிவிட்டு வெளியே வந்துவிட்டோம். செம்பு பூங்கோதையின் வழுவழுத்த விரல்களில் நழுவியது. பாதித் தண்ணீர் தரையில் போனது. ஊற்றிக்கொண்டே இருந்தாள்.